கண் நரம்பும் மானிப்பாய் வைத்திய நூல்களும்

கண்ணிலே குற்றம் யாதும் காணப்படாதிருந்தும் பார்வை மங்குதல் உண்டு. கருமணி தெளிவாயிருக்கும், வெண்படலம் இராது, சிவப்பும் பீளையும் இரா. ஆயினும் ஓரிரு நாளில் ஒரு கண் இருண்டு, அக்கண்ணை அசைக்குந்தோறும் உள்ளே நோவு எழும். நோயாளியும் காணார், சோதிக்கும் வைத்தியரும் ஒன்றும் காணார் என்று மருத்துவர் தமக்குள் சொல்லிக்கொள்ளும் இந்நோய், பார்வை நரம்பில் உண்டாகும் அழற்சியாகும். மருத்துவ உலகம் இதனை இனங்கண்ட காலமும், கண்ணின் அமைப்புப் பற்றிய மேனாட்டறிவு யாழ்ப்பாணத்திலே தமிழ் நூலுருப் பெற்ற காலமும் ஏறத்தாழ ஒன்றே.

தமிழர்க்குக் கண் வைத்தியம் புதிதன்று. கண்ணோய்கள் தொண்ணூற்றாறு என வகுத்துக் குறிகுணங் கூறும் நூல்கள் சித்த வைத்திய மரபில் உண்டு. யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களும் இம்மண்ணின் பழைய மருத்துவச் செல்வங்களாம். ஆயின், உயிரோடிருக்கும் ஒருவரின் கண்ணுக்குள்ளே நரம்பு வந்து சேரும் இடத்தை அக்காலத்தில் கீழை நாட்டாரும் கண்டிலர். மேலை நாட்டாரும் கண்டிலர். 1851ஆம் ஆண்டில் ஜெர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுள்நோக்கி என்னும் கருவியை வெளியிட்டபோதுதான் அவ்வாயில் திறந்தது. அதனைக் கையாண்டு பெர்லின் நகரத்துக் கண் வைத்தியர் வொன் கிறேபே 1860இல் நரம்பின் முனை வீங்கிய நிலைகளை விரித்துரைத்தார். நரம்பின் முனையில் வீக்கமின்றி, விழிக்கோளத்தின் பின்னே மறைந்து நிகழும் அழற்சியும் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இந்தப் பத்தாண்டுகளிலேதான் மானிப்பாயில் வேறொரு முயற்சி நடந்தது. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். 1820ஆம் ஆண்டளவிலே பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கிய டாக்டர் ஸ்கடரின் வழியில் வந்தவர் அவர். மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு அமையாது, இளைஞர்க்கு வைத்தியமும் கற்பித்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1864ஆம் ஆண்டு தொடக்கம் தமிழிலே கற்பிக்கலானார். தாய்மொழியிற் கற்ற வைத்தியரே கிராமத்து மக்களோடு தங்கி வாழ்வர் என்பது அவர் கொண்ட கருத்து.

கற்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். 1852இல் கட்டர் என்பாரின் உடலியல் நூல் தமிழாயிற்று. 1867இல் இரண வைத்தியம் வெளிவந்தது. இலண்டனில் 1858இல் முதன்முதல் அச்சேறிய ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூல், பதினான்கே ஆண்டுகளில், 1872இல், மனுஷ அங்காதிபாதம் எனத் தமிழ்ப் பெயர் பூண்டது. டால்டனின் உடற்றொழில் நூல் மனுஷ சுகரணம் என 1883இல் வந்தது. சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு முறையை வகுத்திருந்தார். முதலில் தமிழிலே சொல்லைத் தேடுக. இல்லையேல் வடமொழியை நாடுக. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இணங்க மாற்றிக்கொள்க என்பதே அம்முறை. அங்காதிபாதம், சுகரணம் என்பன இரண்டாம் வழியில் வந்தவை. இரசாயன நூலுக்கு இட்ட கெமிஸ்தம் என்னும் பெயர் மூன்றாம் வழியில் வந்தது.

அந்நூல்கள் அச்சேறிய நாளில், பார்வை நரம்பு எவ்வழிச் செல்கின்றதென்பது அறியப்பட்டிருந்தது. அது எவ்வாறு செய்தி கொண்டு செல்கின்றதென்பது நன்கு விளங்கியிருக்கவில்லை. இன்று அது தெளிவு. ஒளி விழித்திரையிற் பட்டதும் அங்குள்ள உயிரணுக்கள் அதனை மின் துடிப்பாக மாற்றுகின்றன. அத்துடிப்புகள் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிழைகள் கொண்ட பார்வை நரம்பின் வழியே செல்கின்றன. இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடியில் சந்திக்குமிடத்தில், மூக்குப் பக்கத்து இழைகள் மட்டும் எதிர்ப்புறம் மாறிச் செல்லும். இறுதியில் மூளையின் பின்பகுதியிலே காட்சி உருவாகின்றது. விழிக்கோளத்தைக் கடந்ததும் ஒவ்வோர் இழையையும் மயலின் என்னும் கொழுப்புறை சூழ்ந்திருக்கும். உறைக்கு இடையிடையே சிறு இடைவெளிகள் உண்டு. துடிப்பானது இடைவெளிக்கு இடைவெளி தாவிச் செல்வதனால், உறையில்லா இழையிலும் பன்மடங்கு விரைவாகச் செல்கின்றது.

அழற்சி தாக்குவது பெரும்பாலும் இவ்வுறையையே. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் மாறுபட்டு உறையை அரிக்கின்றன. அப்போது துடிப்புகள் சில இழைகளில் முற்றாக நிற்கும், சிலவற்றிலே தாமதிக்கும். நடுப்பார்வை மங்கும், செந்நிறம் வெளிறித் தோன்றும். வெப்பமும் இதனை மிகுவிக்கும். நோயுற்றவர் ஓடியாடி உடல் சூடேறியவுடன் பார்வை மங்கி, ஆறியபின் தெளிவதை ஊட்டோப் என்னும் ஜெர்மனியர் 1890இல் எடுத்துரைத்தார். உறையிழந்த இழை சிறிதளவு வெப்பத்தையும் தாங்காமையே அதற்குக் காரணம்.

பார்வை மீண்ட பின்னும் தாமதம் எஞ்சுவதுண்டு. ஒரு கண்ணின் செய்தி சற்றே பிந்தி வந்தால், நேர்கோட்டில் ஆடும் ஊசல் வட்டமிட்டு ஆடுவதுபோலத் தோன்றும். 1922இல் இவ்விளைவை விளக்கிய புல்பிரிக்கோ ஒரு கண் பார்வையற்றவர். தாம் விளக்கிய காட்சியைத் தாம் காண இயலாதவர்! 1972இல் இலண்டனில் ஹாலிடேயும் அவருடன் உழைத்தோரும், கண்ணிற் பட்ட காட்சிக்கு மூளை காட்டும் மின்விடையைத் தலையின்மேல் வைத்த மின்வாய்களால் அளந்தனர். நலமுற்ற கண்ணில் அவ்விடை ஒரு விநாடியின் பத்திலொரு பங்களவில் வரும். அழற்சி கண்ட கண்ணிலோ, பார்வை தேறிய பின்னரும் அது பிந்தியே வந்தது.

இந்நோய் கண்டோரிற் பெரும்பாலார்க்குச் சில வாரங்களிற் பார்வை மீள்கின்றது. நாளத்தின் வழியே செலுத்தும் ஸ்டீரோய்டு மருந்து தேறுதலை விரைவுபடுத்தும். முடிவான பார்வையை அது பெரிதும் மாற்றுவதில்லை என 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. ஆயின் எல்லா அழற்சியும் ஒரு தன்மையன அல்ல. சிலருக்கு இது மூளையிலும் முதுகுத் தண்டிலும் பல இடங்களைத் தாக்கும் நோயின் முதல் அறிகுறியாகும். கண் நரம்பையும் முதுகுத் தண்டையும் ஒருங்கே கெடுக்கும் கொடிய வகையைப் பிரான்சு நாட்டு டெவிக் 1894இல் விளக்கினார். அதற்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் உண்டென்பது 2004இல் கண்டறியப்பட்டது. இவ்வகையிலே காலந் தாழ்த்தினால் பார்வை மீளாது போதலும் கூடும்.

ஆதலால் இங்கே நாட்களின் கணக்கு பெரிது. வெண்படலம் முற்றட்டும் எனக் காத்திருப்பதுபோல இந்நோய்க்குக் காத்திருத்தல் ஆகாது. கண்ணை அசைக்கையில் நோவு, திடீரென ஒரு கண் மங்கல், சிவப்பின் வெளிறல் ஆகிய இம்மூன்றையும் வீட்டிலுள்ளோர் அறிந்திருத்தலே முதற் காவல். அறிந்திருக்க வேண்டுமாயின், அது அவர்கள் மொழியிற் சொல்லப்பட வேண்டும்.

கிறீன் 1873இல் தாய்நாடு திரும்பினார், 1884இல் மறைந்தார். அவருக்குப் பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நாளடைவில் நின்றது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது. உலக அறிவோடு தொடர்புகொள்ள அது வேண்டியதே. எனினும், நோயாளி தம் துன்பத்தைக் கூறுவதும், வைத்தியர் அதனை விளக்க வேண்டியதும் தமிழிலேதான். மானிப்பாயில் மருத்துவமனை ஒன்று கிறீனின் பெயர் தாங்கி நிற்கின்றது. அவர் தேடித் தொகுத்த சொற்களிற் சில வழக்கொழிந்தன. நோயுற்றோர்க்கு விளங்கும் மொழியில் மருத்துவம் பேச வேண்டும் என்ற அவர் கொள்கைக்கு அக்கதி நேர வேண்டுவதில்லை.