உண்ண மறுத்தலும் ஆயரின் சான்றும்

விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளம் போன்ற பட்டாசுத் தொழிலாளர் ஊர்களில் ஓர் இளம்பெண் நாள்கணக்கில் உணவை ஒதுக்கினால், காற்றுக் கருப்பு என்பார் சிலர். உபவாசம் என்பார் வேறு சிலர். இரண்டிலும் ஆயரின் சொல்லுக்கு மதிப்புண்டு. ஆதலின், உண்ணல் சார்ந்த இந்நோயின் வரலாற்றில் நம்மனோர் பெற்ற இடத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

சியன்னா நகரத்துக் கத்தரீன் அம்மையார் 1380 இல் மறைந்தார். அவரது உண்ணாமையை நோயெனக் கொண்டு ருடால்ஃப் பெல் 1985 இல் நூல் எழுதினார். இக்கால நோய்ப்பெயரை இடைக்காலப் பக்தியின்மீது ஏற்றுதல் பொருந்தாதென மறுத்தார் கரோலின் பைனம். எனினும் ஒன்றை நாம் மறக்கலாகாது: தமக்கு நேர்ந்ததை ஒரு பலவீனமென்றே கத்தரீன் தம் கடிதமொன்றில் குறித்துள்ளார்.

அறிவியல் யுகத்திலும் இக்குழப்பம் தீரவில்லை. வேல்ஸ் நாட்டுச் சிறுமி சாரா ஜேக்கப் 1867 முதல் ஒன்றும் உண்பதில்லை எனப் பெற்றோர் கூறினர். அவ்வூர்க் குருவானவர் முதலில் ஐயுற்றார், பின்னர் நம்பினார், 1869 இல் செய்தித்தாளுக்கே எழுதினார். மக்கள் திரண்டனர், காணிக்கை குவிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் லண்டன் கய்ஸ் மருத்துவமனைச் செவிலியர் நால்வர் இரவுபகலாய்க் காவலிருந்தனர். அவள் கேட்டாலன்றி உணவளிக்கலாகாது என்பது ஏற்பாடு. அவள் கேட்கவில்லை, சில நாள்களில் இறந்தாள். வயது 12. சிறை சென்றவர் பெற்றோர் மட்டுமே.

அதே கய்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த வில்லியம் கல் 1873 இல் இத்தகைய உண்ணாமைக்கு அனோரெக்சியா நெர்வோசா எனப் பெயரிட்டார். வேளைதோறும் உணவூட்டுக என்றார். நோயாளியைப் பேண உற்றாரே மிகவும் தகுதியற்றோர் என்றும் கருதினார். 1914 க்குப் பின் சில பதின் ஆண்டுகள் பிட்யூட்டரிச் சுரப்பியின்மேல் பழி விழுந்தது. உற்றாரைப் பற்றிய ஐயமோ நெடுங்காலம் நீடித்தது. இளவயதில் தொடங்கி மூன்றாண்டுக்கு மேற்படாத நோய்க்குக் குடும்பத்தை உட்கொண்ட சிகிச்சையே சிறந்ததென லண்டன் மாட்ஸ்லி மருத்துவர் ஆய்ந்து கண்டது 1987 இல்தான்.

ஆனால் நமது வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957 இல் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு உற்றார் தங்குவதையே தன் முறையாகக் கொண்டது. இந்நோயைக் கருதி எழுந்த முறையன்று அது. மேனாட்டார் பின்னர் வந்தடைந்த இடத்தில் நம்மவர் முன்னரே நின்றனர் எனலாம்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. டில்லி மருத்துவர் 1995 இல் விவரித்த ஐந்து இளம்பெண்கள் உண்ண மறுத்தனர், வாந்தியெடுத்தனர், மெலிந்தனர். மேனாட்டு நூல்கள் கூறும் உடலுருவம் பற்றிய மயக்கம் அவர்களிடம் இல்லை. வேலூரில் சிறார், வளரிளம் பருவத்தாரிடையே நடந்து 2007 இல் வெளியான ஆய்விலும் மனம் சார்ந்த வாந்தியே மிகுதி. பருமனுக்கு அஞ்சுகிறாளா என்று மட்டும் கேட்கும் ஆயர், அச்சங்குளத்துப் பெண்ணின் நோயைக் காணாமலே ஜெபித்துத் திரும்பக்கூடும்.

மருத்துவமனைக்கு அனுப்பினாலும் இடரொன்று உண்டு. குடும்பச் சிகிச்சையில் பெற்றோர் வேளைதோறும் மகளருகே அமர்ந்து உண்பிக்க வேண்டும். அது பல மாதம் நீளும். பட்டாசு ஆலையில் நாட்கூலி பெறும் தாய் அதுவரை எதைக்கொண்டு வீட்டை நடத்துவாள் என்பதைச் சபையின் செயற்குழு அல்லவா பேசவேண்டும்?