சோடா வீடு திரும்பிய வரலாறு

சோடா என்றதும் கோலிக்குண்டு அடைத்த புட்டியையோ, தகர மூடி போட்ட புட்டியையோ நினைப்பவரே பலர். கடையில் காசு கொடுத்து வாங்கும் பண்டமாகவே அது நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. ஆயினும் அது பிறந்தது கடையிலுமன்று, தொழிற்சாலையிலுமன்று. இன்று மேல்நாடுகளில் சிலர் தம் வீட்டுக் குளிர்பெட்டிக்குள் எஃகுப் பீப்பாய் ஒன்றை வைத்து, தண்ணீர்க் குழாயைத் திறப்பதுபோல் திறந்து சோடா பிடித்துக் கொள்கின்றனர். புதுமை போலத் தோன்றினும், வீட்டை விட்டுப் போன பொருள் வீட்டுக்கே திரும்பியது என்றுதான் இதனைச் சொல்ல வேண்டும். போனதற்கும் திரும்பியதற்கும் காரணம் ஒன்றே. வாயுவை உண்டாக்குவது எளிது. உண்டாக்கியதை நீருக்குள் இருத்தி வைக்கும் கலம் கிடைப்பதுதான் அரிது.

1767-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சமயப் போதகராக வந்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி. அவர் முதலில் குடியிருந்த வீட்டுக்கு அடுத்தாற்போல் பீர் ஆலை ஒன்று இருந்தது. பீர் புளிக்கும் தொட்டிகளின் மேல் கனத்த வாயு ஒன்று படிந்து நிற்பதையும், எரியும் குச்சியை அதனுள் நீட்டினால் அணைந்துவிடுவதையும் அவர் கண்டார். அதுவே கரியமில வாயு. பிரீஸ்ட்லி இரு பாத்திரங்களைத் தொட்டியின் மேல் பிடித்துக்கொண்டு, தேநீர் ஆற்றுகிறவர் செய்வதைப் போல, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். சில நிமிடங்களில் அந்நீர் புகழ்பெற்ற ஊற்றுநீர்களைப் போன்று நாவில் சுள்ளென்றது. பிறகு அவர் வீடு மாறியபோது பீர் ஆலை கைக்கெட்டாமற் போயிற்று. ஆகவே சீமைச் சுண்ணாம்பின்மேல் கந்தகத் திராவகத்தை விட்டு வாயுவை எழுப்பி, விலங்கின் நீர்ப்பை ஒன்றில் அதைப் பிடித்து, தண்ணீருக்குள் செலுத்திக் குலுக்கினார். செய்முறை முழுவதையும் 1772-இல் சிறு நூலாக வெளியிட்டார்.

கடற்பயணிகளை வாட்டிய ஸ்கர்வி நோய்க்கு இந்நீர் மருந்தாகும் என்று அறிஞர் சிலர் அக்காலத்தில் நம்பினர். காப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் இதற்கான கருவியும் கப்பலேறிற்று. நம்பிக்கை பொய்த்தது, புளிப்புப் பழங்களிலுள்ள சி வைட்டமினே அந்நோயைத் தீர்ப்பது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. தவறான காரணத்துக்காகப் போற்றப்பட்ட நல்ல கண்டுபிடிப்புகள் உலகில் பல. அவற்றுள் சோடாவும் ஒன்று. பிரீஸ்ட்லியோ தம் முறையைக் கொண்டு பொருள் ஈட்ட முனையவில்லை. சுண்ணாம்பும் திராவகமும் உடைய எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்ற நிலையே அன்று இருந்தது.

அந்த நிலை ஏன் நீடிக்கவில்லை? பை நாறியது, அதனால் ஜான் நூத் என்பவர் 1775-இல் கண்ணாடியாலான கருவி ஒன்றை விளக்கி எழுதினார். நாற்றம் நீங்கியும் குறை நீங்கவில்லை. நீருக்குள் எவ்வளவு வாயு கரையும் என்பது அதன்மேல் உள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் இரட்டித்தால் கரையும் வாயுவும் இரட்டிக்கும். இவ்விதியை வில்லியம் ஹென்றி 1803-இல் வகுத்துரைத்தார். பையும் கண்ணாடியும் பெரும் அழுத்தத்தைத் தாங்கா. தாங்குவது இறுக்கும் பம்பும் கெட்டியான கலமும். அவற்றை வைத்துத் தொழில் நடத்தியவர் ஜெனீவா நகர் யாக்கோப் ஷ்வெப். 1783-இல் அங்கே தொடங்கிய அவர், 1792-இல் இலண்டனுக்கு வந்து ஆலை வைத்தார். வீட்டுச் சோடா மெல்லச் சுருங்கி, ஆலைச் சோடா ஓங்கிற்று.

அதன்பின் நடந்தவை பெரும்பாலும் மூடியின் வரலாறே. 1872-இல் ஹிராம் காட் என்பவர் உரிமை பெற்ற கோலிப் புட்டி அவற்றுள் மிக அழகியது. உள்ளேயுள்ள வாயுவே குண்டை மேலே தள்ளி, கழுத்திலுள்ள இரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். திருட வரும் வாயுவையே வாயிற்காவலனாக வைத்தது போலும்! 1883-இல் சிங்கப்பூரில் பிரேசர், நீவ் என்னும் இருவர் தொடங்கிய சோடாத் தொழில் மலாயாவெங்கும் பெயர் பெற்றது. 1892-இல் தகர மூடி வந்தது.

வீடு திரும்பும் வழி அமெரிக்காவில் திறந்தது. அங்குள்ள பானக் கடைகள் இனிப்புச் சாற்றைச் சுமார் 19 லிட்டர் கொள்ளும் துருவேறா எஃகுப் பீப்பாய்களில் வாங்கி வந்தன. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில், அட்டைப் பெட்டிக்குள் பை வைத்த சாறு வந்ததும் அப்பீப்பாய்கள் வேண்டாதவை ஆயின. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீட்டில் பீர் காய்ச்சும் உரிமை பெற்றவர்கள் அவற்றை மலிவு விலைக்கு வாங்கிக் குவித்தனர். பீரின் மேல் பிறந்தது சோடா. சோடாவுக்கு உழைத்த கலம் பீருக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் வீட்டுச் சோடாவுக்கு வந்தது.

இவ்வமைப்பில் வேண்டுவன பீப்பாய், கரியமில வாயு உருளை, அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர், குளிர்பெட்டி, குழாய் ஆகியவையே. உருளைக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 800 இறாத்தலைத் தாண்டும். ரெகுலேட்டரின்றி அதைப் பீப்பாயில் இணைப்பது உயிரோடு விளையாடுவது ஆகும். சோடாவுக்கு வேண்டுவது சுமார் 30 இறாத்தல். பீருக்கு அதில் பாதிகூட வேண்டாம். குளிரும் இன்றியமையாதது. சாதாரணக் காற்றழுத்தத்தில், உறைநிலையை ஒட்டிய 1 லிட்டர் நீர் சுமார் 1.7 லிட்டர் வாயுவை ஏற்கும். மலேசியப் பகல் வெப்பமாகிய 30 பாகையில் முக்கால் லிட்டருக்கு மேல் ஏற்காது. வாயு கரைந்த நீர் செம்பை அரிக்குமாதலால் செம்புக் குழாய் ஆகாது.

பலர் இடறுவது கடைசிக் கட்டத்தில்தான். 30 இறாத்தல் அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் திடீரெனக் கிண்ணத்தில் விழுந்தால், கரைந்த வாயுவில் பெரும்பங்கு சீறி வெளியேறிவிடும். ஆகவே பீப்பாய்க்கும் திறப்புக்கும் இடையே 5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு குழாயை 20, 25 அடி நீளத்துக்குச் சுருட்டி வைப்பர். நீர் அதன் சுவரில் உராய்ந்து உராய்ந்து வேகம் தணிந்து, அழுத்தம் படிப்படியாகக் குறைந்து வந்து சேரும். இடத்தை மிச்சப்படுத்தக் குழாயை நறுக்கியவர்களுக்குக் கிண்ணம் நிறையக் கிடைப்பது வெறும் குளிர்ந்த நீர்.