லயத்து மூலையும் கொக்கிப்புழுவும்

மலேசியாவின் கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆற்றின் முகத்தில் கிடக்கிறது கேரி தீவு. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற துரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரப்பர் போட்டார். தீவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சதுப்பை வெட்டி, கடல்நீர் ஏறாமல் கரை கட்டியதில் தமிழ்க் கூலிகளின் உழைப்பு பெரிது.

தோட்டத்துக்கு வந்தவர்கள் ஊர்ச் சடங்கையும் கொண்டுவந்தார்கள். பெண் வயதுக்கு வந்தால் ஊரில் தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவார். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் நெருக்கமான அறையில் அதற்கு ஏது இடம்? ஒரு மூலையும் தனிப் பாயும்தான். உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை மட்டும் தவறவில்லை. தீட்டு என்று ஒதுக்கியது நியாயமில்லை; ஆனால் அந்தச் சாப்பாட்டில் சத்து இருந்தது.

சத்துக்குத் தேவையும் இருந்தது. வெறுங்காலோடு ஈரமண்ணை மிதித்தால் கொக்கிப்புழுவின் குஞ்சு தோலைத் துளைத்து ஏறும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக்குழு 1915 முதல் 1917 வரை கீழைநாடுகளில் இந்தப் புழுவை ஆராய்ந்தது. மலாயாவும் அதில் உண்டு. புழு ஏற்கெனவே சோகையாக்கிய உடம்பில் மாதவிலக்கும் சேர்ந்தால் தலைசுற்றலும் களைப்பும் கூடும். மருந்துக்குத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர்தான். அவர் ஆண் என்றால் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

மாதவிலக்கு நாட்களில் துணிதான் கதி. துவைத்து, யார் கண்ணிலும் படாமல் இருட்டில் உலர்த்துவார்கள். வெயில் படாத துணியில் ஈரம் தங்கும். அரிப்பும் புண்ணும் வரும். வெட்கம் வளர்த்த நோய் அது.

பிறகு கடைகளில் பேட் வந்தது. 2015இல் வந்த 6 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. (பொருள், சேவை வரி) அதையும் விட்டுவைக்கவில்லை, 2018இல்தான் வரி நீங்கியது.