சிறுநீரகத்தின் நரம்பு

மருத்துவத்தில் எது புதிதாய் வெளிவந்தாலும், இப்னு சீனாவின் 'கானூ'னில் அது அன்றே உள்ளது என்று நம் மேடைகளில் முழங்குவோர் உளர். எழுதாததை அவர்மீது ஏற்றிச் சொல்வது அப்பெருமகனாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சிறுநீரகத்தின் நரம்பை அறிந்த வரலாறு இதற்குத் தக்க சான்று.

சிறுநீர் உண்டாவது சிறுநீரகத்திலேயே என்பதைக் கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மெய்ப்பித்தார். உயிருள்ள விலங்கின் சிறுநீர்க்குழாய்களைக் கட்டினார். பை வெறுமையாய்க் கிடந்தது. கட்டை அவிழ்த்தார், பை நிறைந்தது. பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் மாணாக்கரும் அவருடைய நூல்களை அரபியில் பெயர்த்தனர். அக்கல்வியின் வழிவந்த இப்னு சீனா (மறைவு 1037), 'குல்யா' எனப்படும் சிறுநீரகத்திற்குச் சிறிய நரம்பொன்று வருகிறதென்றும், அதன் உறை அந்நரம்பினின்று அமைகிறதென்றும் எழுதினார். நரம்பு அவர் பார்வைக்குத் தப்பவில்லை. அதன் ஆட்சிதான் புலப்படவில்லை.

அது புலப்பட 1859 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரெஞ்சு அறிஞர் குளோது பெர்னார் விலங்கின் ஒரு பக்கத்து நரம்பை அறுத்தார்; அப்பக்கத்தில் சிறுநீர் பெருகிற்று. நரம்பைத் தூண்டியபோது குறைந்தது. ஆயினும் 1954இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார். நரம்பனைத்தும் அறுபட்ட அவ்வுறுப்பு செவ்வனே இயங்கிற்று! அவ்வாறாயின் நரம்பு எதற்கு?

இரண்டும் உண்மையே. நரம்பின்றியும் சிறுநீரகம் இயங்கும். நரம்போ அதன் போக்கைத் திருத்துகிறது. தூண்டுதல் மெலிதாயின் ரெனின் சுரக்கும். சற்று மிகுந்தால் உப்பு உடலிலேயே தங்கும். மேலும் மிகுந்தால் சிறுநீரகத்திற்கு வரும் இரத்தமே சுருங்கும். குருதி இழந்தவனுக்கு இது காப்பு. ஓயாது நீடித்தால் இரத்த அழுத்தம் ஏறக் காரணமாகும்.

எனவே அந்நரம்பைச் சுட்டு அழுத்தத்தைத் தணிக்க முனைந்தனர். 2009இல் வந்த முதல் முடிவுகள் பெரும் நம்பிக்கையூட்டின. 2014இல் வெளியான ஆய்வில் 535 நோயாளிகளுள் சிலருக்கு நரம்பைச் சுட்டனர். ஏனையோர்க்கு இரத்தக்குழாயைப் படமெடுத்ததோடு நிறுத்தினர். தமக்குச் செய்தது எதுவென நோயாளிகள் அறியார். ஆறு மாதத்தில் முன்னவர்க்கு அழுத்தம் 14 மில்லிமீட்டர் அளவும், பின்னவர்க்கு 12 அளவும் இறங்கியிருந்தது. பெயரளவு வேறுபாடே! தம் நம்பிக்கைக்கு மாறான இம்முடிவை மறையாது வெளியிட்ட நேர்மையை, அக்கண்டுபிடிப்பினும் உயர்வாக நான் மதிக்கிறேன்.

முறையைத் திருத்தி மீண்டும் ஆய்ந்தபோது, மிதமானதாயினும் மெய்யான பயன் தெரிந்தது. 2023 நவம்பரில் அமெரிக்க அரசு இதற்கான இரு கருவிகளை ஏற்றது. மருந்தாலும் வாழ்க்கைமுறை மாற்றத்தாலும் அழுத்தம் போதிய அளவு கட்டுப்படாதோர்க்குத் துணைச் சிகிச்சையாக மட்டும்.