லயத்துக்கு ஏது இலக்கம்?



2025 நவம்பர் 28இல் டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியது. 1978 மட்டக்களப்புச் சூறாவளியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்குப் புயல் என்றால் கூரை பறப்பது, தென்னை முறிவது. மலைநாட்டில் புயல் என்றால் மண்சரிவு. வலப்பனைக்கு அது புதிதுமல்ல. 2007 ஜனவரியிலும் வலப்பனை, ஹங்குராங்கெத்த பக்கம் மலை இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது.

பாதை திறந்ததும் லொறிகள் வந்தன. பள்ளிவாசல், கோவில், விகாரை, எல்லா இடத்திலிருந்தும் அரிசியும் பருப்பும் வந்தன. சோற்றுக்கு யாரும் குறை வைக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆசிரியர்களான எங்களிடம் வந்து சேர்ந்தது எழுத்து வேலை. எந்தக் காம்பராவில் எத்தனை குடும்பம், யாருடைய அடையாள அட்டை மண்ணுக்குள் போனது என்று முகாமில் உட்கார்ந்து எழுதினோம். விண்ணப்பத்தில் “வீட்டு இலக்கம்” என்ற கட்டத்தில்தான் பேனை நின்றது. பல லயங்களுக்குத் தோட்டத்தின் பெயர்தான் முகவரி, கடிதமும் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும்.

இது புயல் கொண்டுவந்த சிக்கல் அல்ல. கோப்பிக்காகக் காட்டை வெட்டிய காலத்திலேயே லயம் தோட்டத்தின் சொத்து. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்ட பிறகும் அப்படித்தான். 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தம் வந்தது, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. கைமாறியது தோட்டம். காம்பராவில் பிறந்து வளர்ந்தவருக்கு உறுதி கிடைக்கவில்லை. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

“ஆபத்து என்று தெரிந்தும் ஏன் போகவில்லை?” என்று வெளியூர்த் தம்பிமார் கேட்டார்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையைச் சொன்னோம். அங்கே 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் புதைந்தன. எழும்பிப் போகச் சொன்னால், போய் இறங்க ஒரு துண்டு நிலம் வேண்டாமா? சொந்தக் காணி இல்லாதவனுக்கு எச்சரிக்கை ஒரு கடதாசி மட்டுமே.

பட்டியலை மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று தோட்டத்தில், ஒன்று பாடசாலை அலுமாரியில்.

இனி உதவிக்கு வர நினைக்கும் சகோதரர்களே, அரிசி மூடையோடு சிங்களத்திலும் தமிழிலும் எழுதத் தெரிந்த ஒருவரையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். நிரப்ப வேண்டிய படிவங்கள் இன்னும் கட்டுக்கட்டாய்க் கிடக்கின்றன.