தலைநகரில் சிறுவர் தூரிகை

தில்லிவாழ் தமிழர் பலருக்கும் பகதூர்ஷா சாபர் மார்க் என்றால் நாளேடுகளின் அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் சாலை என்பதே நினைவு. ஐ.டி.ஓ. நிறுத்தத்தில் இறங்கி அலுவலகத்திற்கு விரையும் நம்மவர்கள் அச்சாலையிலுள்ள நேரு இல்லத்தைக் கடந்தே செல்கின்றனர். அதனுள் ஒரு பொம்மை அருங்காட்சியகம் இருப்பதையும் பெரும்பாலோர் அறிவர். அந்தப் பொம்மைகள் அங்கு வந்து சேர்ந்ததற்குச் சிறுவர் வரைந்த ஓவியங்களே காரணம் என்பதை அறிந்தோர் மிகச் சிலர்.

கேரளத்துக் காயங்குளத்தில் 1902-இல் பிறந்த சங்கர் பிள்ளை, ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ ஏட்டின் கருத்துப்பட ஓவியராகத் தில்லிக்கு வந்தவர். நம்மைப்போலவே பிழைப்பின்பொருட்டு வடக்கே வந்த தென்னாட்டவர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். 1948-இல் அவர் தொடங்கிய ‘சங்கர்ஸ் வீக்லி’ இதழில் பிரதமர் நேருவும் அவரது தூரிகைக்குத் தப்பவில்லை. பெரியோரை நகையாடிய அதே கை, மறு ஆண்டே சிறுவர்களுக்கென ஓர் ஓவியப் போட்டியை அறிவித்தது. 1949-இல் இந்தியச் சிறுவர்க்கு மட்டுமே நடந்த அப்போட்டி, 1950 முதல் உலகச் சிறுவர் அனைவர்க்கும் உரியதாயிற்று. அவ்விதழின் சிறுவர் மலருக்காக நேரு 1949 டிசம்பர் 3-ஆம் நாள் குழந்தைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சப்பான் நாட்டுச் சிறுவர்கள் யானை வேண்டுமென்று தமக்கு எழுதியதையும், மைசூர் நாட்டு யானையொன்று கடல் கடந்து சென்றதையும் அதில் எடுத்துரைத்தார்.

நாடு விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரிவினையால் வீடிழந்து வந்தோர் தலைநகரை நிறைத்திருந்த காலம். அத்தகைய வேளையில் குழந்தைகளின் கிறுக்கலுக்கு ஒரு பிரதமர் மதிப்பளித்தார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

1952 முதல் ‘அந்த இடத்திலேயே’ வரையும் போட்டியும் சேர்ந்துகொண்டது. அஞ்சலில் வரும் படத்தில் அப்பாவின் கை எவ்வளவு, அண்ணனின் கை எவ்வளவு என்று எவரும் அளந்து கூற இயலாது. திறந்த வெளியில் அமர்ந்து வரையும் குழந்தைக்கோ வேறு துணையில்லை. இரண்டனுள் இதுவே மேலானது என்பது என் கருத்து.

பொம்மைக் கதைக்கு வருவோம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கேரி நாட்டுத் தூதர், போட்டியில் பரிசாக வழங்குமாறு ஒரு பொம்மையைச் சங்கரிடம் தந்தார். அதன் அழகில் மயங்கிய சங்கர் தாமே நாடுதோறும் பொம்மைகளைத் திரட்டலானார். சிறுவர் ஓவியங்களும் பொம்மைகளும் ஊர் ஊராகக் கண்காட்சிக்குச் சென்றன. பயணத்தில் பொம்மைகள் சிதைவுற்றதால் நிலையான ஓர் இடம் தேவைப்பட்டது. 1957-இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைச் சங்கர் நிறுவியிருந்தார். அதனைச் சார்ந்து எழுந்த அருங்காட்சியகத்தை 1965 நவம்பர் 30 அன்று, திருத்தணியில் பிறந்த குடியரசுத் தலைவர் இராதாகிருட்டிணன் திறந்து வைத்தார்.

இவை யாவும் பெருமைக்குரியவை. எனினும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் இசையவில்லை. போட்டி என்பது ஆயிரம் பேரில் ஒருவரைத் தேர்ந்து ஏனையோரை வீட்டுக்கு அனுப்புவது. நாளடைவில் பரிசு பெறும் படம் எத்தகையது என்பதைப் பள்ளிகளும் பெற்றோரும் கண்டுகொண்டனர். நம் பொங்கல் விழாக்களில் நடைபெறும் ஓவியப் போட்டிகளைப் பாருங்கள்: இரு மலை, இடையே எழும் கதிரவன், வளைந்தோடும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. சரோசினி நகர்க் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை தென்னையைக் கோடை விடுமுறையில் மட்டுமே கண்டிருக்கும். அது நாள்தோறும் காண்பது சன்னலில் பொருத்திய கூலர், தைமாத மூடுபனி, ஆகத்து 15-இல் மொட்டை மாடிகளிலிருந்து எழும் பட்டங்கள். இவை ஏன் தாளில் ஏறுவதில்லை? அருகே நிற்கும் நாம், “மலை வரை, மலை வரை” என்று காதில் ஓதுகிறோம். ஊரை இழந்த ஏக்கம் நம்முடையது. அதைப் பிள்ளையின் தூரிகையில் தேடுவது முறையா?

இதற்கு மாறான ஒரு மரபும் நம் நாட்டில் உண்டு. அதில் தமிழர் பங்கு பெரிது. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு ஒரு குழுவை அமைத்தது. தில்லி சாமியா மில்லியாவின் சாகிர் உசேன் அதன் தலைவர். பொருளியல் அறிஞர் சே.சி. குமரப்பா தஞ்சையில் பிறந்தவர். அவரும் ஓர் உறுப்பினர். குழுவின் அமைப்பாளராக விளங்கிய ஆரியநாயகம் யாழ்ப்பாணத் தமிழர். சாந்திநிகேதனில் தாகூரிடம் பணியாற்றியவர். அவரும் அவர்தம் துணைவியார் ஆசாதேவியும் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விப் பள்ளியை வளர்த்தனர். அங்கே சிறுவர்கள் நூல் நூற்றனர், சமைத்தனர், தோட்டம் பயிரிட்டனர். எல்லாம் கூடிச் செய்யும் தொழில்.

அப்பள்ளிக்கு 1944-இல் ஓவிய ஆசிரியராக வந்தவர் தேவி பிரசாத். சாந்திநிகேதனில் நந்தலால் போசிடம் பயின்றவர். ஓவியம் தனிப்பாடமாக ஒதுங்கி நில்லாமல் அன்றாட வாழ்வோடு இணைய வேண்டும் என்பதும், கல்விக்கே கலைதான் அடிப்படை என்பதும் அவர் கொள்கை. வியன்னா நகரில் பிரான்சு சிசெக் 1897-இல் சிறுவர்க்கென ஓவிய வகுப்பு நடத்தியதும், இங்கிலாந்தில் எர்பர்ட் ரீடு 1943-இல் கலைவழிக் கல்வி பற்றி நூல் எழுதியதும் இவ்வெண்ணத்திற்கு உறவானவை. ஆனால் நூற்கும் கையும் களையெடுக்கும் கையுமே தூரிகையும் பிடித்தது சேவாகிராமத்தின் தனிச்சிறப்பு.

கூடி வரைவது தமிழர்க்குப் புதிதன்று. மார்கழி விடியலில் வாசலில் இடும் கோலத்தை யார் வரைந்தார் என்று எவரும் கையொப்பமிடுவதில்லை. பாட்டி புள்ளி வைக்க, அம்மா இழை இழுக்க, சிறுமி மூலையில் ஒரு பூவை நிரப்புவாள். மாலைக்குள் அது கால்பட்டு அழியும். மறுநாள் வேறொன்று எழும். ஆர்.கே.புரத்தின் மாடிக் குடியிருப்புகளில் வாசலே இல்லை என்பர். படிக்கட்டின் திருப்பத்தில் இரண்டடி இடம் போதுமே!

தொடக்கப் பள்ளிகளின் சுவர்களில் இப்போது வண்ண ஓவியங்கள் மிகுதியாகக் காண்கிறோம். அருகே சென்று பார்த்தால், பல இடங்களில் அவை கூலிக்கு அமர்த்திய ஓவியர் தீட்டியவை. குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், கோணல் இல்லாத கோடுகள். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு, பத்தாம் வகுப்புவரை கலைக் கல்வி வேண்டுமென வலியுறுத்தியது. கோப்புகளோடு வாழும் எனக்கு, பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் இடையே எத்தனை மேசைகள் உண்டு என்பது நன்கு தெரியும்.

1923-இல் மதராசி கல்விச் சங்கமாகத் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் பல. ஒரு பொங்கலுக்கேனும் பரிசுக் கோப்பைகளை நிறுத்திவிட்டு, நாற்பது குழந்தைகளுக்கு நீண்ட துணியொன்றை விரித்துக் கொடுத்தால் என்ன? முதல் வகுப்புப் பிள்ளை ஓரத்தில் தன் தெருவை வரையட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அத்தெருவில் பேருந்தை ஓட்டட்டும். தமிழ், இந்தி, பஞ்சாபி பேசும் தோழர்கள் ஒரே வண்ணக் கிண்ணத்தில் தூரிகை நனைக்கட்டும்.

தேவி பிரசாத் பின்னர் இலண்டனில் பல்லாண்டுகள் அமைதிப் பணியாற்றி, எண்பதுகளில் தில்லிக்கே திரும்பினார். இங்கு மட்பாண்டங்கள் வனைந்து வாழ்ந்தார். 2010-இல் லலித் கலா அகாதெமியில் அவருடைய வாழ்நாட் பணி கண்காட்சியாக வைக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.