முடி கொட்டாத நாய் பிறந்த கதை

மெல்பர்னிலிருந்து ராத்தாவின் மகள் போன கிழமை தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, மகனுக்கு நாய் வேணுமாம். அவனுக்கோ முட்டு வருத்தம். பூடில் எடுக்கவா, லாப்ரடூடில் எடுக்கவா? ரெண்டும் முடி கொட்டாதாம்."

கல்முனையில் எங்களுக்கு நாய் என்றால் வயல் வாடியில் காவலுக்குக் கிடப்பது. வீட்டுக்குள் வராது. அதன் வாய்நீர் பட்ட இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவவேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நானோ முப்பது வருடம் மாடும் ஆடும் பார்த்த கால்நடை வைத்தியன். ஆனாலும் லாப்ரடூடில் பிறந்த கதை எனக்குப் பிடித்த கதை. பிறந்ததும் அவள் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில்தான். அதையே சொன்னேன்.

அவுஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் வாலி கொன்ரன் நாய்க்குட்டிகளை வளர்த்தெடுக்கும் பொறுப்பில் இருந்தார். ஹவாயிலிருந்து பார்வையில்லாத ஒரு பெண்ணின் கோரிக்கை வந்தது. அவருக்கு வழிகாட்டி நாய் வேண்டும். கணவருக்கோ நாய் ஒவ்வாது. கொன்ரன் முதலில் நம்பியது பூடிலை. நீரில் விழுந்த வாத்தைக் கவ்வி வர வளர்க்கப்பட்ட இனம் அது. அதன் சுருள் முடி உதிர்ந்து பரவுவது குறைவு, வளர்ந்துகொண்டே போகும். மூன்று வருடத்தில் 33 பூடில்களைப் பழக்கிப் பார்த்தார். ஒன்றுகூட அந்த வேலைக்குச் சரிவரவில்லை.

பிறகுதான் பூடிலை லாப்ரடோருடன் சேர்த்தார். மூன்று குட்டிகள். மூன்றின் முடியும் உமிழ்நீரும் விமானத்தில் ஹவாய் போயின. அந்த மனிதருக்கு ஒன்றும் செய்யாதது ஒரே ஒரு குட்டியினுடையதுதான். அதற்குப் பெயர் சுல்தான். 1989ஆம் ஆண்டுக் கதை இது.

"மகள், இந்த இடத்தைக் கவனி" என்றேன். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈற்று. அதிலேயே மூன்றில் இரண்டு தவறின. லாப்ரடூடில் என்ற பெயர் யாரையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது சோதித்துப் பார்த்ததுதான்.

அந்தப் பெயரே பிறகு வந்தது. குட்டிகளை வளர்க்க ஒரு குடும்பமும் முன்வரவில்லை, கலப்பு நாயாம். கொன்ரன் லாப்ரடூடில் என்று பெயர் சூட்டிப் பத்திரிகைகளுக்குச் சொல்லவைத்தார். தொலைபேசி ஓயவில்லை. பிறகு கண்டவரெல்லாம் கலந்து விற்கத் தொடங்க, நோயோடு பிறந்த குட்டிகளைப் பார்த்து, செய்தது பிழை என்று அவரே வருந்தினார். ஒரு பெண் தெருவில் தனியே நடக்கவேண்டும் என்று தொடங்கிய வேலை அது. அந்த வருத்தம் எனக்கு விளங்குகிறது.

முடியில் மட்டும் கண் வைப்பதுதான் பிசகு. முட்டு வரவைப்பது நாயின் உமிழ்நீரிலும் தோல் பொருக்கிலும் இருக்கும் புரதம். நக்க நக்க அது முடியில் ஒட்டிக் காய்ந்து காற்றில் கலக்கும். 2011இல் டெட்ராய்ட் ஆய்வாளர்கள் ஒரேயொரு நாய் வளர்க்கும் 173 வீடுகளின் தூசியை அளந்தார்கள். 'ஒவ்வாமை தராத' இனங்கள் இருந்த வீடுகளில் அந்தப் புரதம் குறைவாக இல்லை. அடுத்த வருடம் நெதர்லாந்தில் முடியையே சோதித்தபோது, பூடிலிலும் லாப்ரடூடிலிலும் அது மற்ற நாய்களைவிடக் கூடவே இருந்தது.

ஆகவே இரண்டில் எது என்றால், முடியை வைத்துப் பூடில் என்பேன். அதன் முடி எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரியும். லாப்ரடூடில் குட்டி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லமுடியாது. பூடிலும், சுருள் முடி வந்த லாப்ரடூடிலும் ஆறு கிழமைக்கொருதரம் முடி வெட்டக் கேட்கும். விட்டால் காதடியிலும் கக்கத்திலும் சடை பிடித்து, உள்ளே தோல் புண்ணாகும். ஆனால் முட்டுக்காரப் பிள்ளைக்கு இனம் பார்க்காதே, அந்த ஒரு நாயைப் பார். வைத்தியரிடம் கேட்டு, மருந்துப் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு, வளர்ப்பவர் வீட்டுக்கே போய்ப் பிள்ளையை அதே நாயோடு இருத்திப் பார்.

இரண்டு தடவை போய் வந்துவிட்டார்கள். கறுப்புப் பூடில். பிள்ளையின் கையை நக்கியதாம், இரவு முட்டு வரவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் ராத்தாவின் மகள் அந்தக் கையைக் கழுவிவிட்டாள். ஏழு தடவை, ஒரு தடவை தோட்டத்து மண் போட்டு. சனிக்கிழமை மூன்றாம் தடவை போகிறார்கள்.